கரி இழையும் உப்புத் தண்ணியும்

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை. ஊர்: சாயல்குடி)



ஆண்டு மலர் என்றாலே முதல் பத்துப் பக்கம் வாழ்த்துச் செய்தி, அடுத்த பத்துப் பக்கம் நிலாவையும் நட்பையும் பற்றிய கவிதை, மூலைக்கு மூலை கடி ஜோக் என்று ஒரு மரபு இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. எனக்குக் கவிதை வராது, அவ்வளவுதான். ஆனால் தொழில்நுட்பம் படிக்கிற நாம், நம் படிப்பை நம் ஊரோடு சேர்த்து வைத்து நான்கு பக்கமாவது யோசிக்க வேண்டாமா? அந்த எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். தலைப்பைப் பார்த்துப் பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கணக்கு கொஞ்சம்தான் வரும்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒரு பொருள் தேயுமா, நிலைக்குமா என்பதை அதன் பெயரை வைத்தோ, விலையை வைத்தோ, காய்ந்த லேபில் எடுத்த ஒரே ஒரு எண்ணை வைத்தோ முடிவு பண்ணக்கூடாது. அது எங்கே உராயப் போகிறதோ, அந்த இடத்துத் தண்ணியில் வைத்துப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். கடற்கரை மாவட்டத்தில் படிக்கிற நமக்கு இது கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும். இதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம், இன்று உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற கார்பன் ஃபைபர், அதாவது கரி இழை.

கரிமூட்டத்துச் சொந்தக்காரன்

சாயல்குடிப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பனை. பனை இல்லாத இடத்தில் சீமைக்கருவேலம். அந்தக் கருவேல விறகை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே காற்று அதிகம் போகாதபடி நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுப்பார்கள். மூட்டத்தில் எங்கேயாவது ஓட்டை விழுந்து காற்று புகுந்துவிட்டால் கரி கிடைக்காது, சாம்பல்தான் மிஞ்சும். ராத்திரி முழிச்சிருந்து அந்த ஓட்டையை அடைக்கிறவருக்குத்தான் கூலி.

கரி இழையின் தத்துவமும் இதேதான். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்கிற செயற்கை நூலை முதலில் 200 முதல் 300 டிகிரி சூட்டில் பக்குவப்படுத்துகிறார்கள். பிறகு பிராணவாயு இல்லாமல், நைட்ரஜன் சூழ்ந்த உலையில் 1000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். மற்றதெல்லாம் வாயுவாகப் போய்விட, மிஞ்சுவது கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் கரி. நம் ஊர்க் கரி கட்டியாக வருகிறது, அவர்களுடைய கரி நூலாக வருகிறது.

அந்த நூல் ஒன்றின் தடிமன் சுமார் 7 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. எடையோ ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம்தான், எஃகு 7.8 கிராம். இழுவிசையில் சாதாரண ரகக் கரி இழையே சுமார் 3500 மெகா பாஸ்கல் தாங்கும். நம் ஒர்க்ஷாப்பில் நாம் ராவித் தள்ளுகிற மைல்டு ஸ்டீலைப் போல ஏழெட்டு மடங்கு!

ஆனால் நூலை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எபாக்சி, நைலான், பீக் போன்ற ஏதாவது ஒரு பிளாஸ்டிக்குக்குள் பதித்தால்தான் அது உருப்படியான பொருளாகிறது. இதைத்தான் கூட்டுப் பொருள், கம்பாசிட் என்கிறோம். புத்தகத்தில் இந்தப் பாடம் வந்தபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. வெட்டிய பனையின் முகத்தைப் பாருங்கள். கறுப்புக் கறுப்பாக இரும்பு போன்ற நார்கள், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் மிருதுவான சோறு. வெளிப்பக்கம் நார் நெருக்கமாகவும் உள்பக்கம் கலப்பாகவும் இருக்கும். இயற்கை செய்த கம்பாசிட் அதுதான். மூக்கையூர்க் கரையில் நிற்கிற ஃபைபர் வள்ளமும் கம்பாசிட்தான். அதில் கரிக்குப் பதில் கண்ணாடி இழை, அவ்வளவே வித்தியாசம்.

நம் ராமேஸ்வரத்தில் 1931-ல் பிறந்த அப்துல் கலாம் அவர்களை நினைக்காமல் இந்தப் பேச்சை நகர்த்த முடியாது. 1989 மே 22-ல் முதன்முதலாகப் பறந்த அக்னி ஏவுகணையின் மூக்கு, வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழையும் சூட்டைத் தாங்க வேண்டும். அதற்காக இந்தக் கரிக் கூட்டுப் பொருள்களில் நம் நாட்டு விஞ்ஞானிகள் உழைத்தார்கள். அந்த உழைப்பில் கிடைத்த லேசான பொருள்களின் அனுபவத்தைக் கொண்டுதான் ஹைதராபாத் நிஜாம் மருத்துவமனைக் குழந்தைகள் போட்டிருந்த மூன்று கிலோ இரும்புக் காலணியை 300 கிராமாகக் குறைத்தார்கள். தன் வாழ்க்கையில் மிகுந்த சந்தோஷம் தந்தவற்றில் ஒன்றாகக் கலாம் அதைப் பல மேடைகளில் சொன்னார். ஏவுகணை பெரிதா, காலணி பெரிதா என்று அவர் பார்க்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

காய்ந்த நிலையில் என்ன நடக்கிறது?

ஒரு பொருள் இன்னொன்றின் மேல் உராயும்போது எவ்வளவு தேயும்? 1953-ல் ஆர்ச்சர்ட் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு சுலபமான விதியை வெளியிட்டார். தேய்ந்து போகும் கன அளவு, மேலே அழுத்தும் பாரத்தையும் உராய்ந்து கடந்த தூரத்தையும் பொறுத்தது. பாரம் இரட்டித்தால் தேய்மானம் இரட்டிக்கும், தூரம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். பொருளுக்குப் பொருள் மாறுகிற ஒரு எண் மட்டும் நடுவில் நிற்கும். அதற்குத் தேய்மான எண் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கரி இழை சேர்த்த பிளாஸ்டிக்கைக் காய்ந்த எஃகுத் தட்டின் மேல் தேய்த்தால் நல்ல செய்திதான் வரும். பாரத்தை இழைகள் தாங்கிக்கொள்கின்றன, பிளாஸ்டிக் தப்பிக்கிறது. உராயும்போது உதிர்கிற பிளாஸ்டிக்கும் கரித்தூளும் எஃகின் மேடு பள்ளங்களில் அப்பிக்கொண்டு மெல்லிய படலமாகிவிடுகின்றன. அதன் பிறகு நடப்பது பிளாஸ்டிக்குக்கும் எஃகுக்கும் சண்டை இல்லை, படலத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் சமாதானம். சாணம் மெழுகிய தரையில் பாய் இழுப்பது மாதிரி வழுவழுவென்று போகும். வெறும் டெஃப்லானைத் தேய்த்தால் மளமளவென்று கரைந்துவிடும். அதில் கரி இழையோ கண்ணாடி இழையோ சேர்த்துவிட்டால் தேய்மானம் நூறில் ஒரு பங்காக, சில சமயம் ஆயிரத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும்.

காய்ந்த நிலைக்கு ஒரே பெரிய எதிரி சூடு. பிளாஸ்டிக் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. வேகமும் பாரமும் ஒரு எல்லையைத் தாண்டினால் இழையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகும், இழை உடைந்து பிடுங்கிக்கொண்டு வரும். உடைந்த துண்டுகள் நடுவில் மாட்டி உப்புத்தாள் போல இரண்டு பக்கத்தையும் ராவும்.

"அப்படியானால் தண்ணீர் ஊற்றிவிட வேண்டியதுதானே? சூடு குறையும், வழுக்கவும் செய்யும்" என்று தோன்றும். இங்கேதான் கதை திரும்புகிறது.

தண்ணி பட்டால்?

எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் நான் சத்தமாகப் படித்தால் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பாங்க. இந்தப் பாடத்தைச் சொன்னபோது, "தண்ணி பட்டா வழுக்கத்தானப்பா செய்யும், எப்படித் தேயும்?" என்று கேட்டாங்க. பதில் சொன்னது நான் இல்லை, பனையேறும் எங்கப்பா. "அருவாளைத் தீட்டுறப்ப கல்லுல எதுக்குத் தண்ணி தெளிக்கிறேன்? காஞ்ச கல்லுல தீட்டுனா பொடி அடைச்சுக்கிரும், கல்லு வெட்டாது. தண்ணி பொடியக் கழுவிவிட்டாத்தான் நல்லா வெட்டும்."

நண்பர்களே, இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. காய்ந்த நிலையில் காப்பாற்றுகிற படலம் எதனால் உண்டானது? உதிர்ந்த பொடியால். தண்ணீர் என்ன செய்கிறது? அந்தப் பொடியைக் கழுவிக் கொண்டுபோய்விடுகிறது. படலம் ஒட்டுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. எஃகின் கூர்மையான மேடுகள் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வெட்டுகின்றன. உராய்வு குறைந்த மாதிரி தெரியும், மெஷின் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் தேய்மானம் ஏறிக்கொண்டே இருக்கும். சுலபமாக ஓடுவது வேறு, தேயாமல் இருப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் நம்மில் பலர் செய்கிற குழப்பம்.

தண்ணீருக்கு இன்னும் மூன்று குணம் உண்டு. முதலாவது, அது பிளாஸ்டிக்குக்குள் ஊறும். நைலான் 6 தன் எடையில் சுமார் 9 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். பீக் அரை சதவீதம்தான் குடிக்கும். எபாக்சி இரண்டுக்கும் நடுவே. ஊறினால் பொருள் மிருதுவாகும், உப்பும், இழைக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள பிடிப்பு தளரும்.

இரண்டாவது, தண்ணீர் மிகவும் மெலிந்த மசகு. என்ஜின் ஆயிலின் பிசுபிசுப்பில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும்போது தண்ணீர்ப் படலம் அதைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் படலம் கிழிந்து நேருக்கு நேர் உராய்வுதான்.

மூன்றாவது, உப்பு. கரி இழை மின்சாரம் கடத்தும். கடல் நீரில் கரியும் சாதாரண எஃகும் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. அதில் கரிக்கு ஒன்றும் ஆகாது, எஃகுதான் அரிக்கும். அரித்த ஷாஃப்ட் சொரசொரப்பாகி, திரும்ப வந்து புஷ்ஷை ராவும்.

இப்படிச் சொன்னதும் தண்ணீர் என்றாலே கெடுதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பீக்கில் கரி இழை சேர்த்து, துருப்பிடிக்காத எஃகின் மேல், கடல் நீரில் தேய்த்த பரிசோதனைகள் சிலவற்றில், காய்ந்த நிலையைவிட, நல்ல தண்ணீரைவிடக்கூடக் குறைவாகத் தேய்ந்திருக்கிறது. அதே தண்ணீர் ஒரு பொருளுக்கு மருந்து, இன்னொன்றுக்கு விஷம். எது எதற்கு என்பது வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மன்னார் வளைகுடாவில் நம் பகுதிக்கு நேரே இருக்கிற தீவுகளில் ஒன்றுக்கு நல்லதண்ணித் தீவு என்று பெயர், இன்னொன்றுக்கு உப்புத்தண்ணித் தீவு. தண்ணி எல்லாம் ஒன்றில்லை என்று நம் முன்னோர்கள் தீவுக்கே பெயர் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் புத்தகத்து அட்டவணைதான் இன்னும் ஒரே கட்டத்தில் நிற்கிறது.

மூன்று சாட்சிகள்

இதெல்லாம் ஏட்டளவு என்று நினைப்பவர்களுக்குச் சரித்திரத்திலிருந்து மூன்று சாட்சி சொல்கிறேன்.

சாட்சி ஒன்று. நீராவிக் கப்பல்களுக்குப் பின்பக்கம் புரொப்பல்லர் வந்தது. ஷாஃப்ட் கடலுக்குள் போகிற இடத்தில் பித்தளை புஷ் போட்டார்கள். கடல் நீரிலும் மணலிலும் அது சீக்கிரமே தேய்ந்து போனது. 1854-ல் இங்கிலாந்தின் ஜான் பென் என்ற என்ஜினீயர் உலோகத்தை எடுத்துவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளில் விளையும் லிக்னம் வைட்டே என்கிற வைரம் பாய்ந்த மரத்தைப் பட்டை பட்டையாகச் செருகினார். மரம் ஜெயித்தது! தண்ணீரில் ஊறின அந்த மரம், தன்னிடமுள்ள பிசினோடு சேர்ந்து, நூறு வருஷத்துக்கும் மேல் உலகத்தின் கப்பல்களைத் தாங்கியது. காய்ந்த மேஜையில் பித்தளையையும் கட்டையையும் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று கேட்டிருந்தால் யாராவது கட்டையைக் காட்டியிருப்பார்களா?

சாட்சி இரண்டு. வீட்டு மிக்சியில் கார்பன் பிரஷ் இருக்கிறது அல்லவா, அதுபோல விமானத்து ஜெனரேட்டரிலும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கியபோது, தரையில் நாள்கணக்கில் உழைத்த பிரஷ் அங்கே கொஞ்ச நேரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. உயரத்தில் காற்றில் ஈரமே இல்லை என்பதுதான் காரணம். கிராஃபைட் வழுக்குவது அதன் சொந்தக் குணத்தால் மட்டும் இல்லை, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் ஒட்டியிருப்பதாலும்தான் என்று அதற்குப் பிறகுதான் புரிந்துகொண்டார்கள். அதாவது கரிக்கு ஈரம் அதிகமானாலும் தொல்லை, அடியோடு இல்லாவிட்டாலும் தொல்லை.

சாட்சி மூன்று, மனதைத் தொடுகிற ஒன்று. 1970-களில் அமெரிக்காவில், செயற்கை முழங்கால் மூட்டுக்கு வைக்கிற பாலிஎத்திலீனில் கரி இழையைக் கலந்து பாலி-2 என்ற பெயரில் கொண்டு வந்தார்கள். லேபில் முன்னதைவிட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மனித உடம்புக்குள், மூட்டு நீரில் நனைந்தபடி, லட்சக்கணக்கான அடிகள் நடந்தபோது இழைக்கும் பிளாஸ்டிக்குக்கும் பிடிப்புப் போதவில்லை. வெடித்தது, உதிர்ந்தது. மூட்டைச் சுற்றிக் கறுப்புத்தூள் படிந்தது. மறுபடி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் உண்டு. 1980-களில் அது வழக்கொழிந்து போனது. சேர்த்த இழை உயர்ந்ததுதான். போன இடம்தான் வேறு.

நம் கரைக்கு வருவோம்

இனி ராமேஸ்வரம், மண்டபம், மூக்கையூர். விசைப்படகின் அடியில் என்ஜினையும் புரொப்பல்லரையும் இணைக்கிற ஷாஃப்ட், வெளியே வருகிற இடத்தில் ஒரு புஷ்ஷுக்குள் சுற்றுகிறது. அது நனைந்த இடம். உப்பு, மணல், சேறு எல்லாம் வரும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஷாஃப்ட்டின் குறுக்களவு 50 மில்லிமீட்டர், நிமிஷத்துக்கு 600 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஷாஃப்ட்டின் மேற்பரப்பு புஷ்ஷுக்குள் உராய்கிற தூரம் சுமார் 5.65 கிலோமீட்டர். ராத்திரி 12 மணி நேரம் ஓடினால் 68 கிலோமீட்டர். பாரம் 500 நியூட்டன். புஷ் நீளம் 150 மில்லிமீட்டர். தேய்மான எண், ஒரு நியூட்டன் பாரத்தில் ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு கன மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால், 30 ராத்திரியில் புஷ் சுமார் 0.14 மில்லிமீட்டர் இறங்கும். பரவாயில்லை. அதே பொருள் தண்ணியில் பத்து மடங்கு மோசமாகத் தேய்கிறது என்றால்? 1.4 மில்லிமீட்டர்! ஷாஃப்ட் ஆட ஆரம்பிக்கும், படகு அதிரும், தண்ணீர் உள்ளே ஒழுகும். காய்ந்த அட்டவணையை நம்பியவனுக்கும் நனைத்துப் பார்த்தவனுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அந்தப் பத்து மடங்குதான்.

என் வகுப்பு நண்பனின் அப்பா விசைப்படகில் டிரைவர். ஒரு தடவை படகுக்கு நைலான் புஷ் கடைந்து போட்டிருக்கிறார்கள். கடைந்தவர் நல்ல வேலைக்காரர், அளவு கச்சிதம். கரையில் கையால் சுற்றினால் ஷாஃப்ட் பூப்போலச் சுற்றியிருக்கிறது. கடலில் சில நாள் ஊறியதும் நைலான் உப்பி ஷாஃப்ட்டை இறுக்கிவிட்டது. நடுக்கடலில் என்ஜின் திணறி நின்றுவிட்டது. வேறு படகு கட்டி இழுத்து வந்ததால் கரை சேர்ந்தார்கள். உப்புவதற்கு இடைவெளி விட்டுக் கடைய வேண்டும் என்பது ஒரு வரிச் செய்தி. அது கடைந்தவருக்கு யாரும் சொல்லித் தராத செய்தி.

வேறு ஊரில் நடுக்கடலில் என்ஜின் நின்றால் நஷ்டத்தோடு போகும். நம் கடல் அப்படி இல்லை. 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட கோடு தண்ணியில் தெரியாது. காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் படகு போகும். எல்லை தாண்டினால் கைது, படகு பறிமுதல், வீட்டில் அழுகை. இதை நான் விளக்கவே வேண்டாம், நம் வகுப்பில் பல பேர் வீட்டுக் கதை. ஒரு புஷ்ஷின் தேய்மானம் என்பது சில மில்லிமீட்டர்தான். அந்த மில்லிமீட்டரில் ஒரு குடும்பத்தின் நிம்மதி தொங்குகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. புஷ்ஷுக்கு கிரீஸும் ஆயிலும் போட்டால் அது கசிந்து கடலில்தான் சேரும். நம் தீவுகளைச் சுற்றி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பவளப்பாறையும் கடல் பசுவும் வாழ்கிற இடம். உலகத்துக் கப்பல் தொழிலும் ஆயிலை விட்டுத் தண்ணீரையே மசகாகப் பயன்படுத்தும் புஷ்ஷை மறுபடி நாடுகிறது. ஆகவே நனைந்த உராய்வைப் புரிந்துகொள்வது மீனவனுக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது.

"இது நம்ம வேலையா?"

நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். "கரி இழை என்ன விலை தெரியுமா? நம்ம படகுக்காரன் எங்கே வாங்குவான்? இதெல்லாம் ஐ.ஐ.டி. சமாச்சாரம். டிப்ளமோக்காரனுக்கு எதுக்கு?"

முதல் கேள்வி நியாயமானது. எல்லாப் படகுக்கும் கரி இழை புஷ் போட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. போடக்கூடாது என்றும் சொல்லவில்லை. விலை ஏறுகிற அளவுக்கு ஆயுள் ஏறுகிறதா என்று நம் கடல் நீரில் பார்த்த பிறகு சொல்வோம் என்கிறேன். ஒருவேளை ரப்பர் புஷ்ஷே போதும் என்று வரலாம். ஒருவேளை நன்றாக வைரம் பாய்ந்த பனங்கட்டையே தாக்குப்பிடிக்கலாம். 1854-ல் மரம் ஜெயித்ததை மறந்துவிடாதீர்கள். எது வந்தாலும் அது நாம் எடுத்த விடையாக இருக்கும்.

இரண்டாவது கேள்வியை நான் ஏற்கமாட்டேன். ஐ.ஐ.டி. செய்வதை அவர்கள் செய்யட்டும். ஆனால் மூக்கையூரில் புஷ் தேய்ந்தால் கடைகிறவன் யார்? ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் படித்த நாம்தான். முடிவு எடுக்கிற கை நம் கை. அந்தக் கைக்கு அறிவு வேண்டாமா? ஏவுகணைப் பொருளைக் காலணிக்குக் கொண்டுவந்த மனிதர் நம் மாவட்டத்துக்காரர். பெரிய விஞ்ஞானத்தைச் சின்னத் தேவைக்கு இறக்கிவைப்பது கேவலம் என்று அவர் நினைத்திருந்தால் அந்தக் குழந்தைகள் இன்னும் மூன்று கிலோவைச் சுமந்திருப்பார்கள்.

என்ன செய்யலாம்?

புலம்பிவிட்டு உட்காருவது மாணவனுக்கு அழகில்லை. அதனால் நான்கு யோசனை.

ஒன்று: நம் மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் இழுத்துப் பார்க்கிறோம், அடித்துப் பார்க்கிறோம், குத்திக் கடினம் பார்க்கிறோம். தேய்த்துப் பார்ப்பதில்லை. பழைய லேத் ஒன்று, எஃகுத் தட்டு ஒன்று, பாரம் தொங்கவிட ஒரு நெம்புகோல், ஒரு பிளாஸ்டிக் தொட்டி, சொட்டுச் சொட்டாக நீர் விட ஒரு குழாய். இறுதியாண்டு புராஜெக்டாக இதை நாமே செய்துவிடலாம். மைக்ரோமீட்டர் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டு: ஒவ்வொரு பொருளையும் மூன்று நிலையில் பார்க்க வேண்டும். காய்ந்தது, நல்ல தண்ணி, கடல் தண்ணி. முடிந்தால் நாலாவதாக, மணல் கலந்த கடல் தண்ணி. நனைந்த சோதனையில் ஒரு எச்சரிக்கை. எடை போட்டுத் தேய்மானம் பார்க்காதீர்கள். துண்டு தண்ணீரைக் குடித்து எடை கூடிவிடும், தேய்ந்ததே தெரியாமல் போகும். முதலில் பல நாள் ஊறவைத்து, எடை ஏறுவது நின்ற பிறகு ஆரம்பிக்க வேண்டும். அளப்பதை நீளத்தில் அளக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முடிவு சொல்வதும் கூடாது. அது நம் ஷாஃப்ட்டுக்குப் பதினோரு நிமிஷ வேலைகூட இல்லை.

மூன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி, ஷாஃப்ட் கழற்றி, புஷ் மாற்றுவது அப்போதுதான். கழற்றிய புஷ்ஷைத் தூக்கிக் கடலோரம் எறிந்துவிடுகிறார்கள். நமக்கு அது புதையல். எந்தப் பொருள், எத்தனை மாசம் ஓடியது, எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே இரண்டு வருஷத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு அட்டவணை நம் கையில் இருக்கும். லேபில் எடுத்த எண் சரியா என்று சொல்லும் நீதிபதியும் அதுதான்.

நான்கு: வந்த விடையைத் தமிழில், ஒரு பக்கத்தில், படகுத்துறையில் ஒட்ட வேண்டும். "இந்தப் பொருளுக்கு இவ்வளவு இடைவெளி விட்டுக் கடையவும்" என்று ஒரு வரி. அந்த வரி இருந்திருந்தால் என் நண்பனின் அப்பா அன்று கயிறு கட்டி இழுபட்டு வந்திருக்க மாட்டார்.

முடிவாக

விண்வெளிப் பொருள் என்று பெயர் கேட்டு மயங்கவும் வேண்டாம், நமக்கு எட்டாது என்று ஒதுங்கவும் வேண்டாம். கரி இழை நல்ல பொருள். அதோடு எந்தப் பிளாஸ்டிக் சேர்கிறது, எதிரே எந்த உலோகம் நிற்கிறது, நடுவே எந்தத் தண்ணி ஓடுகிறது என்ற மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் அதன் தரத்தைச் சொல்ல வேண்டும். இந்த மூன்று கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனே டெக்னீஷியன். அட்டவணையைப் பார்த்து ஒப்பிக்கத் தெரிந்தவன் பரீட்சை பாஸ் பண்ணுவான், அவ்வளவுதான்.

அடுத்த தடைக்காலத்தில் மூக்கையூருக்கும் மண்டபத்துக்கும் புஷ் பொறுக்கப் போக ஆள் வேண்டும். வருகிறவர்கள் மெக்கானிக்கல் மூன்றாமாண்டில் பெயர் கொடுக்கலாம். வேறு துறை நண்பர்களும் வரலாம், எலெக்ட்ரிகல்காரர்களுக்கு அந்தக் கடல் நீர் பேட்டரியை அளக்கும் வேலை காத்திருக்கிறது. ஒரு நோட்டும் ஒரு வெர்னியரும் கொண்டுவந்தால் போதும்.